எட்டுப் பௌர்ணமி: குதிகால் நாண் காயத்திலிருந்து மீண்ட ஒரு பேருந்து நடத்துநர்

பின்னணி

இவர் 51 வயது நடத்துநர். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் வேலை. ஒரு நாள் டியூட்டி, ஒரு நாள் ஓய்வு. டியூட்டி நாளில் காலை 5 மணிக்கு வண்டியில் ஏறினால் இரவு எட்டரைக்குத்தான் இறங்குவார். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை தவறாமல் போடுபவர். எழுதியதை அவருக்கும் அவர் மனைவிக்கும் வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே இதைப் பகிர்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பதினோரு வருடமாகப் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவர் இவர். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், வெறுங்காலில். அவர் நடைக்கு அது ஏறத்தாழ இருபதாயிரம் காலடி. மாதம் ஒரு முறை அதைத் தாங்க அவர் கால் பழகியிருந்தது. ஆனால் அந்த வருடம் மார்கழி முதல் பங்குனி வரை அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் நான்கு பௌர்ணமி விட்டுப்போயின. அதற்குள் ஆறு கிலோ எடையும் கூடியிருந்தது. அம்மா தேறி வீடு திரும்பியதும், வேண்டுதலை முடிக்க வேண்டும் என்று சித்ரா பௌர்ணமிக்குக் கிளம்பிவிட்டார். அன்று டியூட்டி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ராஜகோபுரத்துக்குப் போய் நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

நடக்கும்போது வலி இல்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியபோது வலது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. "குதிகாலுக்கு மேல நரம்பு சுருட்டிப் புடிச்சிடுச்சு டாக்டர்" என்றுதான் என்னிடம் சொன்னார். நம் பக்கத்தில் எல்லாருமே அதை நரம்பு என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது ஆடுசதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண், உடம்பிலேயே தடிமனான நாண். வில்லின் நாண் என்று சொல்கிறோமே, அதே சொல்தான், வேலையும் கிட்டத்தட்ட அதேதான். ஒவ்வொரு அடியிலும் இழுபட்டு, சேர்த்த விசையைத் திருப்பிக் கொடுக்கிறது. ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அதன் வழியே போகிறது.

ஐந்து வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டார்கள். வலி முழுக்கப் போனது. வேலைக்குத் திரும்பிய இரண்டாவது டியூட்டியிலேயே பழையபடி வந்துவிட்டது. தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஊசிக்குப் பயந்துதான் ஆனி மாதத் தொடக்கத்தில் என்னிடம் வந்தார். அந்தப் பயம் அவருக்கு நல்லதே செய்தது. இந்த நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு வலி அடங்கும், ஆனால் நாண் பலவீனப்பட்டு அறுந்துபோகும் அபாயம் இருக்கிறது.

முதல் நாள் பார்த்தது

குதிகால் எலும்பிலிருந்து நான்கு விரல் அகலம் மேலே, நாணின் நடுப்பகுதியில், வலது பக்கம் மட்டும் கண்ணால் பார்க்கவே தடித்திருந்தது. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் வலி. குப்புறப் படுக்க வைத்து ஆடுசதையைப் பிழிந்தேன், பாதம் நன்றாக அசைந்தது. அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கிறது என்று பொருள், அப்படியானவரை அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். "டப்" என்று சத்தம் கேட்டது, பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது என்று சொல்கிறவர்களுக்கும் இதேதான்.

ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னேன். இடது காலில் 22 முறை. வலது காலில் 7 முறை, அதற்குள் பத்துக்கு ஆறு வலி. காலை விறைப்பு விலக 25 நிமிடம் ஆகிறது என்றார். வீசா-ஏ என்று இந்த நாணுக்கென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 100-க்கு மதிப்பெண், கூடக் கூட நல்லது. கேள்விகளைத் தமிழில் பேச்சாகக் கேட்டுப் போட்டதில் 41 வந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் பாதத்தில் உணர்ச்சியையும் நாடித் துடிப்பையும் பார்த்தேன், இரண்டும் இருந்தன. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை எதுவும் எடுத்தாரா என்றும் கேட்டேன், இல்லை என்றார். சிறுநீர்த் தொற்றுக்குச் சர்வசாதாரணமாக எழுதித் தரப்படும் இந்த மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கட்டமிட்ட எச்சரிக்கையே, அதாவது மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கையே, கொடுத்தது. குதிகால் நாண் வலியோடு வரும் எல்லாரிடமும் இதைக் கேட்பது என் வழக்கம்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 8.4 சதவீதம் இருந்தது. அவருடைய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், அவர் மருந்தை மாற்றினார். சர்க்கரை கூடுதலாக இருந்தால் நாணின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போகும், ஆறுவதும் தாமதமாகும்.

முதல் முடிவும் அதன் காரணமும்

ஐந்து வாரம் ஓய்வெடுத்தும் ஏன் திரும்பி வந்தது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஓய்வில் வலி அடங்கும், ஆனால் நாணுக்குப் பலம் ஏறாது. ஐந்து வாரம் சும்மா இருந்த நாண், காயப்பட்ட அன்று இருந்ததைவிடவும் குறைவாகத்தான் தாங்கும். அந்தக் காலோடு பதினைந்தரை மணி நேர டியூட்டிக்குப் போனால் அது திரும்பவும் கத்தாமல் என்ன செய்யும்? எனவே முழு ஓய்வு வேண்டாம், தாங்கக்கூடிய சுமையைக் கொடுத்து, அது தாங்குகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என்று முடிவு செய்தோம். வேலைக்கும் போகலாம் என்றேன். அதைக் கேட்டு அவர் மனைவி முகத்தில் வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. ஐந்து வாரச் சம்பளம் ஏற்கெனவே போயிருந்தது.

எவ்வளவு வலிவரை போகலாம்? 2007-இல் சுவீடனில் கரின் சில்பர்நாகல் குழு வெளியிட்ட ஆய்வில், குதிகால் நாண் வலி உள்ளவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்தாமலே தொடர்ந்தார்கள். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலைக்குள் இறங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக்கூடாது. அப்படிச் செய்தவர்கள் நிறுத்தியவர்களைவிட மோசமாகிவிடவில்லை. நான் இவருக்கு ஐந்தை மூன்றாகக் குறைத்தேன். பரிசோதனையில் உணர்ச்சி சரியாக இருந்தாலும், எட்டு வருடச் சர்க்கரையில் வலியின் குரல் கொஞ்சம் மங்கியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அதைவிட முக்கியமாக நான் வலியுறுத்தியது காலைச் சோதனை. நாண் அந்த நேரத்திலேயே புகார் சொல்லாது. கிரிவலத்தன்று இவருக்கு ஒரு வலியும் இல்லையே! பதில் மறுநாள் காலையில்தான் வரும். எனவே தினமும் எழுந்து பல் துலக்கியதும் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் ஐந்து முறை குதிகாலை உயர்த்த வேண்டும். அப்போது வலது காலில் வலி பத்துக்கு எத்தனை, விறைப்பு எத்தனை நிமிடம், நேற்று என்ன செய்தோம், மூன்றையும் எழுத வேண்டும். எழுதுவதற்கு அவர் மனைவி முன்வந்தார். மகளுடைய பழைய பள்ளி நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார்.

இரண்டு செருப்பிலும் குதிகாலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் ரப்பர் வைத்தோம், நாண் இழுபடுவது குறையும். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொன்னதில்தான் சிக்கல். "வீட்டுக்குள்ள செருப்பா, சாமி படம் இருக்குற இடத்துல?" என்றார் மனைவி. வாசல் தாண்டவே தாண்டாத புதுச் செருப்பு ஒரு ஜோடி, பூஜை அலமாரிப் பக்கம் மட்டும் கழற்றிவிடுவது என்று பேசி முடித்தோம்.

முதல் ஐந்து வாரம்

முதல் பத்து நாள் அசைவில்லாத பயிற்சி மட்டும். இரண்டு காலாலும் குதிகாலைப் பாதி உயர்த்தி 45 விநாடி அப்படியே நிற்பது, ஐந்து முறை, காலையும் மாலையும். வலி ஆறிலிருந்து மூன்றுக்கு வந்தது. பிறகு குதிகாலை மூன்று விநாடி ஏற்றி மூன்று விநாடி இறக்கும் பயிற்சி, 15 முறையாக மூன்று தடவை.

1998-இல் சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் சொன்ன புகழ்பெற்ற முறையில் தினமும் 180 முறை, வாரம் ஏழு நாளும், 12 வாரம் செய்ய வேண்டும். நிறையப் பேருக்குப் பலன் தந்த முறைதான், ஆனால் நாள் முழுக்க நிற்கும் வேலைக்காரருக்குத் தினமும் இத்தனை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2015-இல் டென்மார்க்கில் நடந்த ஒப்பீட்டில், அதிக எடையோடு மெதுவாக, வாரத்தில் மூன்றே நாள் செய்தவர்களுக்கும் அதே அளவு பலன் கிடைத்திருந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயிற்சி. டியூட்டி இல்லாத நாளின் காலையில் 7 மணிக்குச் செய்யச் சொன்னேன். அன்றுதான் அவருக்கு நேரம் இருக்கும், உடம்பும் அசதியில்லாமல் இருக்கும் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன்.

மூன்றாம் வாரத்திலிருந்து காலை எண், அதாவது காலைச் சோதனையில் எழுதும் வலி எண், மேலே நகரத் தொடங்கியது. 2, 2, 3, 2, 3, 3, 4. நான் நோட்டைப் பார்த்துவிட்டு, அவர் எங்கேயோ கூடுதலாக நடக்கிறார், சொல்ல மறைக்கிறார் என்று எண்ணினேன். ஒரு தடவை கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டுவிட்டேன். "இல்ல டாக்டர், நீங்க சொன்னதத் தவிர எதுவும் செய்யல" என்றார். நான் நம்பவில்லை. அதற்காகப் பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்தாம் வாரம் உடன் வேலை செய்பவர் வீட்டுக் கல்யாணத்துக்காக இவர் மூன்று நாள் தொடர்ந்து டியூட்டி பார்த்தார். நான்காம் நாள் காலை எண் 6, விறைப்பு 40 நிமிடம். மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிந்தது.

நோட்டு சொன்னது

அன்று இருவரும் வந்திருந்தார்கள். நான் மூன்று நாள் தொடர் டியூட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மனைவி நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடியே ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு. பாருங்க, எக்சர்சைஸ் செஞ்ச மறுநாள் காலையிலதான் நம்பர் கூடுது. அதோடயே டியூட்டிக்குப் போறாரு."

விரல் வைத்துக் கோடு கோடாகப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது.

நாணுக்குக் கடுமையான சுமை கொடுத்தால் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை அதன் இழைகளில் உடைவது கட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கும். அதன் பிறகே கட்டுமானம் மேலோங்கும், அது மூன்றாம் நாள் வரைகூட நீடிக்கும். எனவேதான் ஒரு நாள் இடைவெளி. நான் பயிற்சிக்கும் பயிற்சிக்கும் நடுவில் இடைவெளி விட்டேன். டியூட்டியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரவு எட்டரைக்கு டியூட்டி முடிந்து பத்தரை மணி நேரத்தில் பயிற்சி. பயிற்சி முடிந்து இருபத்தொன்றரை மணி நேரத்தில் மறுபடி டியூட்டி. ஐந்து வாரமாக அந்த நாண் ஒரு நாளும் முழுதாக ஓயவில்லை. அவருடைய ஓய்வு நாளை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

டியூட்டி உண்மையில் எவ்வளவு சுமை என்று எனக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே ஒரு மாலை அவர் பஸ்ஸில் ஏறி ஒரு நடை முழுக்கப் போய்வந்தேன். இடது கையில் டிக்கெட் கட்டு, விரலிடுக்கில் மடித்துச் செருகிய நோட்டுகள், வலது கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. சீட்டின் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்து, டிரைவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பாதத்தை ஊன்றித்தான் நிற்கிறார். பின்னால் நின்று அவர் கணுக்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பேன்ட் விளிம்புக்குக் கீழே அந்த நாண் விறைப்பதும் தளர்வதுமாக ஒரு நொடி சும்மா இல்லை. அந்த ஒரு நடையில் 14 முறை படியிலிருந்து கீழே இறங்கி ஆள் ஏற்றினார், பெரும்பாலும் வண்டி முழுதாக நிற்கும் முன்பே, வலது முன்பாதத்தில். விசில் கொடுத்து, வண்டி நகர்ந்த பிறகு எம்பி ஏறினார். செல்போனில் ஒரு டியூட்டியின் காலடி எண்ணிக்கை ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்றுதான் காட்டும். இந்த ஊன்றலையும் குதிப்பையும் அது எண்ணாது.

மாற்றிய திட்டம்

ஐந்து நாள் மறுபடி அசைவில்லாத பயிற்சிக்குப் போனோம். பூஜ்யத்துக்கு இறக்கவில்லை. நின்றுபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். வண்டி நின்ற பிறகு இறங்குவது, கூட்டமில்லாத நடைகளில் நடத்துநர் சீட்டில் உட்கார்ந்துகொள்வது என்று இரண்டு மாற்றங்களை அவரே ஒத்துக்கொண்டார்.

பிறகு பயிற்சி நாளைத் தலைகீழாக்கினோம். டியூட்டி முடிந்து வந்த அன்றிரவே, எட்டரைக்கு மேல். கடினமான நாளை இன்னும் கொஞ்சம் கடினமாக்கி, லேசான நாளை உண்மையிலேயே லேசாக விட்டுவிடுவது. 9 மணிக்குப் பயிற்சி முடிந்தால் அடுத்த டியூட்டிக்கு 32 மணி நேரம் இருக்கிறது. கேட்பதற்கு விசித்திரமாகத்தான் இருந்தது. "நின்னு நின்னு கால் கடுக்குது, அதுக்கு மேல எக்சர்சைஸா?" என்றார். அசதியான காலுக்கு ஏற்றபடி அளவைக் குறைத்தேன், பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிற மாதிரி.

முதல் வாரம் எனக்கே பயம் இருந்தது. பத்து நாளில் காலை எண் 3-க்கு வந்தது, மூன்று வாரத்தில் 2, பிறகு 1-க்கும் 2-க்கும் நடுவிலேயே நின்றது. அதே பயிற்சி, அதே வேலை, அதே கால்.

அங்கிருந்து எடை ஏற்றினோம். மகளின் பள்ளிப் பையில் 5 கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு, படி விளிம்பில் நின்று, ஒற்றைக் காலில். நாணின் நடுப்பகுதியில்தான் காயம் என்பதால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க அனுமதித்தேன். குதிகால் எலும்போடு நாண் சேரும் இடத்தில் வலி உள்ளவர்களுக்கு அது கூடாது, அங்கே நாண் எலும்பில் அழுந்தும், அவர்கள் தரைமட்டத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஏழாம் வாரம் எடையில்லாமல் 15 முறை, ஒன்பதாம் வாரம் 5 கிலோவோடு 12 முறை, பன்னிரண்டாம் வாரம் 15 கிலோவோடு 8 முறை. எடை கூடும்போது எண்ணிக்கை குறையும். பன்னிரண்டாம் வாரம் ஒற்றைக் கால் சோதனையில் வலது கால் 18 வந்தது. சர்க்கரைச் சராசரி 7.3.

பதினாறாம் வாரத்தில் இரண்டு காலாலும் சின்னக் குதிப்புகளைச் சேர்த்தேன், இருபதில் தொடங்கி. நடக்கிறவருக்கு எதற்குக் குதிப்பு என்று அந்தப் பஸ் பயணத்துக்கு முன் கேட்டிருப்பேன்.

நடையும் வெறுங்காலும்

பத்தாம் வாரம் நடை தொடங்கினோம். கேன்வாஸ் ஷூ போட்டு, சமதரையில் 2 கிலோமீட்டர். வாரத்தில் ஒரு இரவுப் பயிற்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்த நடை. மறுநாள் காலை எண் 2-ஐத் தாண்டாவிட்டால் அடுத்த வாரம் ஒரு கிலோமீட்டர் கூடும், தாண்டினால் அதே தூரம் இன்னொரு முறை. 5 கிலோமீட்டரில் இரண்டு வாரம் நின்றோம். தூரம் ஏழைத் தாண்டியதும் அந்த வாரத்தில் மட்டும் டியூட்டி மாற்றிக்கொண்டு நடைக்கு முந்திய நாளும் மறுநாளும் ஓய்வு.

நீண்ட நடைகளைக் கிரிவலப் பாதையிலேயே, பௌர்ணமி இல்லாத இரவுகளில் வைத்தோம். பௌர்ணமியன்று பாதை முழுக்க ஜனம், பாதியில் கால் மக்கர் பண்ணினால் ஆட்டோ கிடைக்காது. பாதை நெடுக எட்டுத் திசைக்கு எட்டு லிங்கச் சன்னதிகள் இருக்கின்றன, மற்ற நாளில் எந்த லிங்கத்துக்கிட்ட வேண்டுமானாலும் நின்று ஆட்டோ பிடித்து வந்துவிடலாம். தூரத்தையும் அவர் கிலோமீட்டரில் சொல்லமாட்டார். "இன்னிக்கு எமலிங்கம் வரைக்கும்", "நிருதிலிங்கம் தாண்டிட்டேன்" என்றுதான் நோட்டில் இருக்கிறது.

வெறுங்கால் தனிச் சுமை. செருப்பின் குதி உயரம் போய்விடுவதால் ஒவ்வொரு அடியிலும் நாண் கூடுதலாக நீள வேண்டியிருக்கிறது. எனவே ஒரே வாரத்தில் தூரத்தையும் வெறுங்காலையும் சேர்த்து ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். பதினைந்தாம் வாரம் கோயில் பிராகாரத்தின் வழவழப்பான கல்தரையில் ஒரு சுற்றோடு ஆரம்பம், பிறகு சாலையில் அரை கிலோமீட்டர், ஒன்று, இரண்டு. சர்க்கரை உள்ளவர் வெறுங்காலில் நடப்பதில் எனக்கு இன்றும் முழுச் சம்மதமில்லை. அவர் மருத்துவரோடும் பேசினோம். வேண்டுதலை விடச்சொல்ல எங்களால் முடியவில்லை, அதனால் பகல் சூட்டில் கூடாது, வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவிக் கண்ணாடி வைத்து அடிப்பாகம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டோம். அந்தக் கண்ணாடி வேலையையும் மனைவியே எடுத்துக்கொண்டார்.

கார்த்திகையா, மார்கழியா

இருபத்திரண்டாம் வாரம் 10 கிலோமீட்டர் முடித்தார், அதில் 5 வெறுங்கால். வலது கால் சோதனையில் 24, இடது 25. கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்றியே தீருவேன் என்று நின்றார். காயப்பட்ட பிறகு வரும் ஏழாவது பௌர்ணமி, அவரைப் பொறுத்தவரை வருடத்திலேயே பெரிய நாள்.

நான் வேண்டாம் என்றேன். கால் தயாராகவில்லை என்பதற்காக அல்ல. தீபத்தன்று லட்சக்கணக்கான ஜனம், அதில் அவர் நடையை அவர் தீர்மானிக்க முடியாது. நெரிசல் நிற்கும்போது நிற்க வேண்டும், தள்ளும்போது ஓட வேண்டும். நாங்கள் ஆறு மாதமாகப் பழகியதே நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதைத்தான். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு போன் செய்து, "தீபத்த மொட்டமாடியிலருந்து பாத்துக்கறேன்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, எனக்கும் இருந்தது.

மார்கழிப் பௌர்ணமி

ஒப்பந்தம் இப்படி: முந்திய நாளும் அடுத்த இரண்டு நாளும் டியூட்டி கிடையாது. ஒவ்வொரு லிங்கத்திலும் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். தோளில் ஒரு மஞ்சள் பையில் செருப்பு இருக்க வேண்டும். வலி 3 வந்தால் செருப்பு, 4 வந்தால் நின்றுவிடுவது.

அடி அண்ணாமலை வரை வெறுங்காலில் வந்திருக்கிறார், எண் 1-தான். வாயுலிங்கம் தாண்டியதும் நாண் இறுகத் தொடங்கியது. கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார், 3. ஓரமாக உட்கார்ந்து பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். "பதினோரு வருஷத்துல அந்தப் பாதையில செருப்பு போட்டதே இல்ல. ஆனா நோட்டுல பொய் எழுத முடியாதில்ல" என்றார் பிறகு. குபேரலிங்கம், ஈசானியலிங்கம் தாண்டி முடித்தபோது வலி 2-க்கு இறங்கியிருந்தது. முன்பெல்லாம் மூன்றரை மணி நேரம், இம்முறை ஐந்து மணி நேரம்.

மறுநாள் காலை எண் 2. அடுத்த நாள் 3. அடுத்தது 1. இரண்டாம் நாள்தான் உச்சம் என்பதைக் கவனிக்க வேண்டும். மறுநாள் மட்டும் பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போயிருந்தால் மறுபடி அதே ஐந்தாம் வாரம் வந்திருக்கும்.

தையிலும் அதே முறை. மாசிப் பௌர்ணமியில் 14 கிலோமீட்டரும் வெறுங்காலில், நாலே கால் மணி நேரத்தில். வீசா-ஏ கேள்வித்தாளில் 88.

ஒரு வருடம் கழித்து

நாணில் அந்தத் தடிப்பு கொஞ்சம் இன்னும் இருக்கிறது, இருக்கவும் செய்யும். வலிக்கும் தடிப்புக்கும் நேர்க் கணக்கு இல்லை என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேன். கடினமான டியூட்டிக்கு மறுநாள் இரண்டு மூன்று நிமிட விறைப்பு உண்டு. வாரத்தில் இரண்டு இரவு அரிசிப் பையோடு படியில் ஏறி இறங்குகிறார். ஒரு பௌர்ணமி விட்டுப்போனால் அடுத்ததற்கு முன் இரண்டு வாரம் பயிற்சி நடை போகிறார். காலைச் சோதனை தொடர்கிறது, எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது வேறு மாதிரி செய்வது

முதல் நாளே வேலையைப் பற்றிக் கேட்கிறேன். "என்ன வேலை" என்று கேட்டால் "நடத்துநர்" என்று ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். எத்தனை மணிக்கு எழுந்து, எங்கே நின்று, எந்தக் காலில் இறங்கி, எப்போது உட்கார்ந்து என்று நேற்றைய ஒரு நாளை முழுக்கச் சொல்லச் சொல்கிறேன். கொத்தனார், ஜவுளிக்கடையில் நிற்பவர், பரதம் சொல்லித்தருபவர் எல்லாரிடமும் அப்படித்தான். பயிற்சிச் சீட்டு எழுதுவதற்கு முன் வாரத்தின் ஏழு நாளையும் ஒரு கோட்டில் போட்டு வேலையை முதலில் நிரப்புகிறேன், மிச்ச இடத்தில்தான் பயிற்சி.

நோயாளி சொல்வதும் எண்ணும் பொருந்தாவிட்டால் என் திட்டத்தை முதலில் சந்தேகிக்கிறேன். இந்த வழக்கில் இரண்டு வாரம் வீணானது நான் அவரைச் சந்தேகித்ததால்தான்.

குதிப்புப் பயிற்சியை இன்னும் முன்னதாக, பன்னிரண்டாம் வாரத்திலேயே சேர்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன். வண்டியிலிருந்து இறங்குவதை அதுவரை அந்தக் கால் எந்தத் தயாரிப்பும் இல்லாமல்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் நோட்டில் அந்த அம்மா போட்ட கோடுகளையே அச்சடித்து வைத்திருக்கிறேன். கடைசியில் நான் சேர்த்தது ஒரே ஒரு கட்டம்: "பயிற்சி முடிந்த பிறகு அடுத்த வேலைக்கு எத்தனை மணி நேரம்?"